தறியை விற்காதீர்கள், தவிலை வாங்கிக் கொடுங்கள்

போன சனிக்கிழமை, மேற்படிப்புக்கு யோசனை கேட்டு, சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்திருந்தது. அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த பையன், பேசுவதற்கென்றே கூட்டி வந்த பெரியப்பா. வீட்டில் நாலு விசைத்தறி. பையன் கோயிலில் வாசிக்கும் ஒரு பெரியவரிடம் மூன்று வருடமாக வீட்டுக்குத் தெரியாமல் தவில் கற்றிருக்கிறான். "கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசியாச்சுங்க, 6 லட்சம் நன்கொடை, ரெண்டு தறியைத் தள்ளிவிட்டா முடிஞ்சுது. இவனுக்கு நீங்க புத்தி சொல்லுங்க" என்றார் பெரியப்பா.

பத்து நிமிடம் நானும் 'பார்த்துக்கலாம், கவலைப்படாதீங்க' என்று மழுப்பினேன். அப்புறம்தான் பையனின் வலது கையைப் பார்த்தேன். தவில்காரர்கள் துணியைப் பசை தொட்டுச் சுற்றிக் காயவைத்த கூட்டை விரல்களில் மாட்டித்தான் வாசிப்பார்கள். அதை மாட்டி மாட்டி விரல் நுனியெல்லாம் காய்த்து, நகத்தோரம் பசை காய்ந்திருந்தது. கணக்கில் எவ்வளவு என்று கேட்டதும் கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டான். 41.

அண்ணா, அன்றைக்குப் பெரியப்பா பேசவே விடவில்லை, அதனால் எழுதுகிறேன். தறியை விற்காதீர்கள். கணக்கில் 41 வாங்கி, அந்தப் படிப்பே வேண்டாம் என்று வாய் திறந்து சொல்கிற பையனுக்காக, மாதாமாதம் சோறு போடுகிற தறியை விற்று நன்கொடை கட்டுவது எனக்குச் சூதாட்டமாகத்தான் படுகிறது. கல்லூரிக் கட்டணமும் விடுதிச் செலவும் அதற்கு மேல் தனி. இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

தமிழ்நாட்டில் இசைக்கென்றே அரசுப் பல்கலைக்கழகம் இருக்கிறது, 2013இல் தொடங்கியது. சின்னப் பல்கலைக்கழகம்தான். சென்னை, கோவை, மதுரை, திருவையாறு அரசு இசைக் கல்லூரிகள் அதன் கீழ் வருகின்றன. கோவை பக்கம்தானே என்று பார்க்காதீர்கள், தவிலுக்குத் திருவையாற்றைக் கேளுங்கள். மாணவர்கள் குறைவு, அதனால் கை தப்பினால் வாத்தியாருக்கு அங்கேயே தெரிந்துவிடும், பின்வரிசையில் ஒளிய முடியாது. நாதஸ்வரம் படிக்கிற பையன்களும் அதே வளாகத்தில் இருப்பதால் சேர்ந்து வாசித்துப் பழகலாம், தவிலுக்கு அதுதான் உயிர். சுற்றிலும் காவிரிக் கரைக் கோயில்கள். முகூர்த்த நாளில் ஏதாவது ஒரு மேளச் செட்டில் ரெண்டாவது தவிலாகப் போய் நின்றால் கைச்செலவுக்கு ஆகும், மேடை பயமும் போகும். மார்கழிக் கடைசியிலோ தையிலோ வரும் தியாகராஜர் ஆராதனைக்கு ஊரே திரளும், அதைப் பக்கத்திலிருந்து கேட்பதே ஒரு பாடம். எந்த வாத்தியத்துக்குப் பட்டம், எதற்குப் பட்டயம் என்று இந்த வருட விவரக் குறிப்பில் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

வெளியூர் அனுப்ப அக்காவுக்கு மனசில்லை என்றால் சேலத்திலேயே மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, மூன்று வருடப் படிப்பு, தவிலும் உண்டு, கட்டணம் பெயருக்குத்தான்.

இசைப்பள்ளியில் தரும் காகிதம் எதற்கு என்று பெரியப்பா கேட்டார். கோயில்களில் தவில் பணியிடத்துக்கு ஆள் எடுக்கும்போது இசைப்பள்ளிச் சான்றிதழ் கேட்கிறார்கள், பெரியவரிடம் கற்றேன் என்று சொன்னால் போதாது. வருமானம் ஒரே சீராக இருக்காது, அதை மறைக்கவில்லை. மார்கழியில் கல்யாணம் கிடையாது, கை காயும். ஆடியிலும் அப்படித்தான் என்பார்கள், ஆனால் நம் ஊரில் ஆடி என்றால் கோட்டை மாரியம்மனில் தொடங்கி தெருவுக்குத் தெரு திருவிழா, அது உங்களுக்கே தெரியும்.

"மேளம் அடிக்கிறவனுக்கு யார் பொண்ணு தருவா?" என்று பெரியப்பா கேட்டதற்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. பதினேழு வயதுப் பையன், கல்யாணப் பேச்சு இப்போது எதற்கு? உண்மையில் அவருக்கு உறுத்துவது சாதி. அதைப் படிப்புக் கணக்கில் சேர்க்க என்னால் ஆகாது.

சீட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் திங்கட்கிழமையே போய்த் திருப்பிக் கேளுங்கள். அடுத்த சனிக்கிழமை வாருங்கள், பெரியப்பா வேண்டாம். பையன் தவிலோடு வரட்டும். அவன் வாசித்து நீங்கள் இதுவரை கேட்டதே இல்லையாமே.