கீபோர்டைத் தொடாமல், புரோகிராம் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடில் குரலாலேயே எழுத முடியுமா?

மணிக்கட்டு வலியோடு பெங்களூரில் பைத்தான் வேலை பார்க்கிறீர்கள், குரலால் கணினியை இயக்கும் டாலன் மென்பொருளைப் போட்டும் பாதி எழுத்தைத் தப்பாகப் பிடிக்கிறது என்கிறீர்கள். முடியும். தகராறு பெரும்பாலும் மைக்கிலும் நம் நாக்கிலும்தான்.

முதலில் மைக். புளூடூத் ஹெட்செட்டில் மைக்கை இயக்கினாலே ஒலித்தரம் தொலைபேசி அளவுக்கு இறங்கிவிடும். யூஎஸ்பி வயர் உள்ளதை, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் காதில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். மைக் முனை உதட்டோரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி இருக்கட்டும். நேர் எதிரே வைத்தால் மூச்சுக்காற்றும் சொல்லாகிவிடும். ரிங் ரோடு பக்க ஜன்னலைச் சாத்துங்கள்.

அடுத்து நாக்கு. டாலனில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் ஆங்கிலச் சொல்: ஏ-க்கு ஏர், பி-க்கு பேட், சி-க்கு கேப். நாம் 'பேட்டு', 'கேப்பு' என்று கடைசியில் ஓர் உகரம் ஒட்டுவோம். தொல்காப்பியக் காலத்துக் குற்றியலுகரம், இங்கே வில்லன்! மெய்யெழுத்தோடு வெட்டி நிறுத்துங்கள். இசட்டுக்கான 'ஜிப்'பை 'சிப்' என்றால், ஐ-க்கான 'சிட்' பக்கம் சாய்ந்துவிடும். டாலனுக்கான பொதுக் கட்டளைத் தொகுப்பான கம்யூனிட்டி ஃபோல்டரில் கோர், அதனுள் கீஸ், அங்கே லெட்டர் என்ற பட்டியலைத் திறந்து 'ஜிப்'பை 'ஜீப்ரா' ஆக்கிவிடுங்கள். எது எப்படிக் காதில் விழுந்தது என்று பார்க்க 'கமாண்ட் ஹிஸ்டரி' சொன்னால் போதும். தமிழ்ச் சொல்லை வைக்காதீர்கள். உள்ளே பேச்சை எழுத்தாக்கும் கான்ஃபார்மர் இன்ஜின் ஆங்கிலத்துக்கானது.

பெயர்களுக்கு எழுத்துக்கூட்ட வேண்டாம். 'ஸ்நேக் கெட் யூசர் நேம்' என்றால் நடுவில் அடிக்கோடுகளோடு விழும். 'ஹாமர்' என்றால் ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும்.

எழுதிய கோடைக் குரலால் திருத்த, கர்சர்லெஸ் என்ற கருவி. விஎஸ் கோடில் கர்சர்லெஸ், பார்ஸ் ட்ரீ, கமாண்ட் சர்வர் என்ற மூன்று எக்ஸ்டென்ஷன்களையும் போட்டு, டாலனின் யூசர் ஃபோல்டரில் கர்சர்லெஸ்-டாலனையும் வையுங்கள். ஒன்று விட்டாலும் அரைகுறைதான். ஒவ்வொரு சொல்லின் ஏதோ ஓர் எழுத்துத் தலையில் சின்னத் தொப்பி தெரியும். ஏ-யின் மேல் நீலத் தொப்பி என்றால் 'சக் ஃபங்க் புளூ ஏர்': அந்த ஃபங்ஷன் முழுதும் போய்விடும்.

பக்கத்து சீட்காரர் பேச வந்தால் முதலில் 'டாலன் ஸ்லீப்'. மறந்தால் "சாப்பிட்டியா மச்சி"யும் கட்டளையாகப் போகும். திரும்ப எழுப்ப 'டாலன் வேக்'.

தமிழ்க் கட்டுரைக்கு டாலன் ஆகாது. குரோமில் கூகுள் டாக்ஸ், டூல்ஸ் மெனுவில் வாய்ஸ் டைப்பிங், மொழி தமிழ். ஆனால் காற்புள்ளி, முற்றுப்புள்ளி வாயால் வராது.