தூதரகத்தில் வேலை என்றால் விமானத்தில் இடம் உண்டா?

கேள்வி: ஆப்பிரிக்க நாடொன்றில், ஓர் ஐரோப்பியத் தூதரகத்தில் என் தம்பி கான்ட்ராக்டில் சமையல் வேலை பார்க்கிறான். அங்கே உள்நாட்டுச் சண்டை முற்றுகிறது. அதிகாரிகள் கிளம்பினால் இவனையும் ஏற்றிக்கொள்வார்களா? – வாசகி, உசிலம்பட்டி

பதில்: ஏற்ற மாட்டார்கள் என்றே வைத்துக்கொண்டு ஆக வேண்டியதைப் பாருங்கள். சண்டை நடந்தாலும் தூதரகத்தார் வெளியேற அந்நாட்டு அரசு வசதி செய்து தர வேண்டும் என்கிறது தூதரகங்களுக்கான சர்வதேச ஒப்பந்தமான 1961 வியன்னா உடன்படிக்கை. ஆனால் அது, தூதரகம் தன் ஊழியர் என்று அரசிடம் பெயர் கொடுத்தவர்களுக்கு. தம்பிக்குச் சம்பளம் போடுவது கான்ட்ராக்டர் என்றால் அந்தப் பட்டியலில் அவர் இருப்பது சந்தேகம்தான்.

2023 ஏப்ரலில் சூடான் தலைநகர் கார்ட்டூமில் நடந்ததைப் பாருங்கள். ஆப்பிரிக்காவின் இன்னொரு நாடான ஜிபூட்டியிலிருந்து இரவோடு இரவாக வந்த சினூக் ஹெலிகாப்டர்கள் அமெரிக்கத் தூதரகத்தாரை ஏற்றிக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்குள் பறந்துவிட்டன. நூறு பேர்கூட இல்லை. விசாவுக்காகச் சூடான்காரர்கள் கொடுத்திருந்த பாஸ்போர்ட்டுகளை, வேறு யார் கையிலும் சிக்கக் கூடாதென்று, முன்னதாகவே அழித்துவிட்டார்கள். பாஸ்போர்ட் இல்லாமல் அவர்கள் எந்த எல்லையைத் தாண்டுவது?

ஆகவே பாஸ்போர்ட் தம்பியின் கையில் இருக்க வேண்டும். 'பத்திரமா இருக்கட்டும்' என்று கான்ட்ராக்டர் பீரோவில் பூட்டியிருந்தால் இன்றே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். மழுப்பினால் இந்தியத் தூதரகத்துக்கு எழுதிப் போடட்டும். தொலைந்தே போனாலும் ஊர் திரும்ப மட்டும் செல்லுபடியாகும் அவசரச் சான்றிதழ் உண்டு. அதைச் சீக்கிரம் வாங்க, பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் உங்கள் போனில் படமாக இருக்கட்டும்.

அவரை மீட்கப்போவது நம் தூதரகம்தான். அங்கே பெயர், இருப்பிடம், வாட்ஸ்அப் எண் பதிவாகியிருக்க வேண்டும். சூடானில் இந்திய அரசின் மீட்புப் பணியான 'ஆபரேஷன் காவேரி' 3,800-க்கும் மேற்பட்ட இந்தியர்களை மீட்டது. பெரும்பாலோர் கார்ட்டூமிலிருந்து ஏறக்குறைய 850 கிலோமீட்டர் பஸ்ஸில் துறைமுக நகரான போர்ட் சூடான் போய், அங்கிருந்து கப்பலிலோ விமானப்படை விமானத்திலோ சவூதியின் ஜெட்டா சேர்ந்தவர்கள். நம் தூதரகமே போர்ட் சூடானுக்கு இடம் மாறியது. அதனால் தலைநகர் லேண்ட்லைன் எண்ணை நம்பிப் பயனில்லை. பக்கத்து நாட்டு இந்தியத் தூதரக எண்களையும் குறித்து வையுங்கள்.

நீங்கள் இங்கிருந்தே வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்தில் மனு போடலாம். தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறைக்கும் தகவல் கொடுங்கள். கலெக்டர் ஆபீஸ் திங்கள்கிழமை மனு நாளுக்காகக் காத்திருக்காதீர்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். சூடானிலிருந்து அது இல்லாமல் வந்திறங்கிய பலரை விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்தும் இடத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள்.