ஆயில் மாற்றி ஊற்றியதால் எஞ்சின் ஜாம் ஆகுமா?

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் காபித் தோட்டத்தில் மருந்தடிக்கும் பம்பை ஓட்டும் 5 ஹெச்பி பெட்ரோல் எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது. 10டபிள்யூ-30க்குப் பதில் 20டபிள்யூ-40 ஊற்றியதுதான் காரணம் என்கிறார் மெக்கானிக். உண்மையா?

அதற்காக மட்டும் ஜாம் ஆகியிருக்காதுங்க. ஏற்காடு அடிவாரத்தில் இந்த மாதிரி சின்ன எஞ்சின்களைப் பிரித்து மாட்டுவதுதான் என் தொழில். 20டபிள்யூ-40 கொஞ்சம் கெட்டியான ஆயில். டிசம்பர் மாதக் காலைக் குளிரில் கயிறு இழுக்கும்போது கை கனக்கும், அவ்வளவுதான். சேலத்து வெயிலில் அந்த வித்தியாசம்கூடத் தெரியாது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று ஆகிவிடக்கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்த வகை எஞ்சின்களில் பெரும்பாலானவற்றில் ஆயில் பம்பும் கிடையாது, ஆயில் ஃபில்டரும் கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் கரண்டி மாதிரி ஒரு சின்ன நாக்கு இருக்கும். சுற்றுக்குச் சுற்று அது கீழே கிடக்கும் ஆயிலை வாரி மேலே இறைக்கும். உள்ளே இருக்கும் மொத்த ஆயிலே அரை லிட்டருக்குச் சற்று மேல்தான். மலைச் சரிவில் எஞ்சினைச் சாய்வாக வைத்து ஓட்டினால் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், நாக்கு வெறும் காற்றைத்தான் வாரும். பல கம்பெனிகள் 20 டிகிரிக்கு மேல் சாய்க்காதே என்கின்றன. நம் தோட்டங்களில் அதைவிடச் செங்குத்தான இடங்கள் எத்தனை! ஆயில் குறைந்தால் எச்சரிக்கும் ஆயில் அலர்ட் இருக்கிறதே என்று நம்பவும் முடியாது. அதன் மிதவை இருக்கும் பக்கமே ஆயில் ஒதுங்கியிருந்தால் அது எப்படி எச்சரிக்கும்? சரிவில் வைத்து லெவல் பார்த்தாலும் தப்பாகத்தான் காட்டும்.

இன்னொன்று, மலை ஏறும்போது நடப்பது. பெட்ரோல் குழாயை மூடாமல் எஞ்சினை ஜீப்பில் போட்டு 20 கொண்டை ஊசி வளைவுகளில் குலுக்கிக்கொண்டு போனால், கார்புரேட்டர் நிரம்பி வழிந்து பெட்ரோல் ஆயிலில் இறங்கிவிடும். அப்புறம் நீங்கள் எவ்வளவு உயர்ந்த ஆயில் ஊற்றியிருந்தாலும் அது தண்ணீர்தான். கண்டுபிடிப்பது எளிது: ஊற்றி வைத்ததைவிட லெவல் ஏறியிருக்கும், ஆயில் அளவு பார்க்கும் குச்சியை (டிப் ஸ்டிக்) முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கும். அப்படி இருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் முழுவதையும் வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள்.

ஆயில் தேர்வே எஞ்சினைக் கொல்வது புதர் வெட்டும் டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டரில்தான். அதற்குத் தனியாக ஆயில் தொட்டி இல்லை, பெட்ரோலில் கலந்த 2டி ஆயில்தான் பிஸ்டனுக்கு உயிர். மெஷினைப் பொறுத்து லிட்டருக்கு 20 மில்லியோ 40 மில்லியோ வரும். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான 4டி ஆயிலைக் கலந்தால் கரி பிடித்து பிளக் அடைக்கும், நாளடைவில் பிஸ்டனும் கெடும். வெறும் பெட்ரோலை ஊற்றினால் பிஸ்டன் சில நிமிஷத்தில் பிடித்துக்கொள்ளும். இரண்டு மெஷின்களுக்கும் ஒரே கேனை வைத்திருந்தால் இன்றே பிரித்து, மேலே பெயிண்டில் எழுதி வையுங்கள்.

உங்கள் எஞ்சினுக்கு வருவோம். பில் கட்டும் முன் கிராங்கையும் (எஞ்சினுக்குள் சுழலும் தண்டு) கனெக்டிங் ராடையும் கையில் வாங்கிப் பாருங்கள். ராடு மாட்டும் இடத்தில் கிராங்க் நீலம் பாய்ந்து, அதன்மேல் அலுமினியம் இழுவிப் பிடித்திருந்தால் அங்கே ஆயில் எட்டவில்லை அல்லது பெட்ரோல் கலந்து நீர்த்திருந்தது என்று அர்த்தம். அது நன்றாக இருந்து, பிஸ்டனில் மங்கலாகக் கீறல் ஓடியிருந்தால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி போயிருக்கிறது. ராடு போயிருந்தால், புது ராடு போடும்போதே எஞ்சின் சமமாக உட்கார ஒரு இரும்பு ஸ்டாண்டும் அடித்து வாங்கிவிடுங்கள். ரிப்பேருக்குப் பின் முதல் 20 மணி நேரத்தில் ஆயிலை மாற்றுங்கள், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். 20டபிள்யூ-40யே ஊற்றலாம்.