1,20,000 ரூபாய் பல் பில்லை கிரெடிட் கார்டில் தேய்க்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 62. கீழ்த்தாடையில் இரண்டு இம்பிளான்ட், ஒரு ரூட் கனால், கேப் எல்லாம் சேர்த்து 1,20,000 ரூபாய் என்று கிளினிக்கில் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். கையில் 40,000 இருக்கிறது. மாதக் கடைசியில் சம்பளம் வந்ததும் 10,000 ஒதுக்க முடியும். மொத்தத்தையும் கிரெடிட் கார்டில் தேய்த்து 12 மாத ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ (வட்டியில்லாத் தவணை) ஆக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: கார்டில் கட்டலாம். ஆனால் மொத்தத்தையும் இன்றே கட்ட வேண்டிய அவசியமே இல்லை. இம்பிளான்ட், அதாவது பல் வேருக்குப் பதிலாக எலும்பில் திருகு வைத்துப் பல் கட்டுவது, ஒரே நாளில் முடிகிற வேலை அல்ல. திருகை எலும்பில் பொருத்தியபின் அது எலும்போடு சேர்ந்து இறுக, கீழ்த்தாடையில் சுமார் மூன்று மாதம் ஆகும். அதன் பிறகுதான் அபட்மென்ட் (திருகையும் கேப்பையும் இணைக்கும் பகுதி), கேப். ஜூனில் மொத்தமும் தேய்த்தால், அக்டோபரில் மாட்டப்போகும் பல்லுக்கு ஜூனிலிருந்தே தவணை ஓடும். அதற்குள் டாக்டர் மாறினாலும், எலும்பு பிடிக்காமல் திருகைக் கழற்ற வேண்டி வந்தாலும் பணம் ஏற்கெனவே அவர்கள் கையில்.

அதனால் முதலில் எஸ்டிமேட்டைப் பிரித்து எழுதி வாங்குங்கள். உதாரணமாக, ரூட் கனாலும் அதன் கேப்பும் 14,000. இம்பிளான்ட் பொருத்தும் அறுவை சிகிச்சை 60,000. அபட்மென்டும் மேல் கேப்களும் 46,000. அந்தந்த வேலை நடக்கும்போது அந்தந்தத் தொகை. பெரும்பாலான டாக்டர்கள் இதற்கு ஒப்புக்கொள்வார்கள். மறுப்பவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

இனி தேதிக் கணக்கு. உங்கள் கார்டின் ஸ்டேட்மென்ட் மாதம் 12-ம் தேதி வருகிறது, அதிலிருந்து 20 நாளில் கெடு என்று வைத்துக்கொள்வோம். ஜூலை 11-ல் தேய்த்தால் மறுநாளே ஸ்டேட்மென்டில் ஏறி, ஆகஸ்ட் 1-ல் கட்ட வேண்டும், 21 நாள்தான். இரண்டு நாள் பொறுத்து 13-ல் தேய்த்தால் ஆகஸ்ட் 12 ஸ்டேட்மென்டில் வந்து, செப்டம்பர் 1 வரை 50 நாள் வட்டியில்லை. பல் வலி தேதி பார்க்காது என்பது உண்மைதான். ஆனால் இம்பிளான்ட் நாள் குறித்துச் செய்வது, இரண்டு நாள் தள்ளலாம்.

உங்கள் கணக்கில் போட்டுப் பார்ப்போம். ஜூனில் ரூட் கனாலுக்கு 14,000 கையிலிருந்து. மீதி 26,000. ஜூலை 13-ல் அறுவை சிகிச்சைக்கு 60,000 கார்டில். செப்டம்பர் 1-க்குள் மூன்று சம்பளத்தில் 30,000 சேரும்; ஆக 56,000. துண்டு விழுவது 4,000. கேப்புக்கான 46,000-ஐ அக்டோபர் 13-ல் தேய்த்தால் டிசம்பர் 2 கெடுவுக்குள் இன்னொரு 30,000, 16,000 குறையும். நீங்கள் உண்மையில் கடன் வாங்க வேண்டியது 80,000 இல்லை, 20,000.

அந்த 4,000-ஐ அலட்சியமாக விடக் கூடாது. பில்லில் கொஞ்சம் பாக்கி வைத்தாலும், பெரும்பாலான வங்கிகள் முழு 60,000-க்கும் தேய்த்த நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டிய நாள் வரை வட்டி போடும். மாதம் 3.5 சதவீதம் என்றால் 50 நாளுக்குச் சுமார் 3,450, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. நாலாயிரம் பாக்கிக்கு நாலாயிரத்துக்கு மேல் தண்டம்! பாக்கி தீரும்வரை புதிதாக வாங்கும் மளிகைக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி. இதற்கு ஒரு வழி உண்டு. கிளினிக்கில் ஒரே தொகையாகத் தேய்க்காமல் 50,000, 10,000 என இரண்டாகத் தேய்க்கச் சொல்லுங்கள். ஸ்டேட்மென்ட் வருவதற்குள் ஆப்பில் போய் 10,000-ஐ மட்டும் மூன்று மாத இஎம்ஐ ஆக்கிவிடலாம். கார்டு இஎம்ஐ பரிவர்த்தனைவாரியாகத்தான் மாறும். 60,000-ஐ ஒன்றாகத் தேய்த்துவிட்டால் அதில் பாதியை மட்டும் மாற்றுவது பல வங்கிகளில் முடியாது.

‘மினிமம் டியூ’ பக்கம் போகவே வேண்டாம். 80,000 பாக்கிக்கு மாத வட்டியும் ஜிஎஸ்டியும் 3,304. குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம், அதாவது 4,000 கட்டினால் அசலில் கழிவது 696 ரூபாய். முன்பு 30 சதவீதத்துக்கு மேல் ஆண்டு வட்டி வாங்குவது முறையற்றது என்று நுகர்வோர் ஆணையத் தீர்ப்பு ஒன்று இருந்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதையும் ரத்து செய்துவிட்டது. கார்டை ஏடிஎம்மில் போட்டு ரொக்கம் எடுத்தால் 50 நாள் சலுகையும் கிடையாது, எடுத்த நிமிடமே கட்டணம்.

நோ காஸ்ட் இஎம்ஐ பற்றி: சுழிய வட்டி என்று ஒன்று இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. நடப்பது இதுதான். மாதம் 10,000 வீதம் 12 மாதம் என்றால், 15 சதவீத வட்டியில் வங்கிக் கணக்கில் அசல் சுமார் 1,10,800, வட்டி 9,200. அந்த வட்டியைக் கிளினிக் தள்ளுபடியாக ஏற்கிறது. ஆனால் வட்டிமேல் வரும் ஜிஎஸ்டி சுமார் 1,650-ம் பிராசசிங் கட்டணமும் உங்கள் தலையில். ஆகவே, “இப்படிக் கொடுக்கும் 9,200-ஐ அந்தந்த வேலைக்கு உடனே கட்டினால் குறைப்பீர்களா?” என்று கேளுங்கள். குறைத்தால் அதுதான் லாபம். கார்டுக்கு 2 சதவீதம் கூடுதல் என்பார்களா என்பதையும் மெஷினை நீட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

டாக்டர் மொத்தமாகத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால், 80,000-க்கு ஒப்பீடு இது. கார்டு இஎம்ஐ 15 சதவீதம், 12 மாதம், ஒரு சதவீதக் கட்டணம்: ஜிஎஸ்டியோடு கூடுதல் செலவு சுமார் 8,800. வங்கி நகைக்கடன் 10 சதவீதத்தில், மாதாமாதம் அசலைக் குறைத்தால் 4,300. வருடக் கடைசியில் மொத்தமாக மீட்கலாம் என்று விட்டால் 8,000. அப்போது வித்தியாசம் பெரும்பாலும் போய்விடும்; நகைக்கடன் மலிவாவது இடையில் கட்டுவதால்தான்.

கிளினிக்கிலேயே நிதி நிறுவனக் கடன் தருகிறோம் என்று போனில் ஓடிபி கேட்டால் சற்று நில்லுங்கள். அதில் பணம் நேராகக் கிளினிக்குக்கே போகும். சிகிச்சை பாதியில் நின்றாலும் தவணை உங்கள் கணக்கில் பிடிக்கப்படும். ஆண்டுச் செலவு விகிதம் எழுதிய விவரத் தாளைக் கடன் தருபவர் கட்டாயம் கொடுக்க வேண்டும். அதைப் படித்த பிறகு ஓடிபி.

சாதாரண மருத்துவக் காப்பீட்டில், விபத்தால் வந்த காயம் தவிர பல் சிகிச்சைக்குப் பெரும்பாலும் பணம் வராது. அம்மாவுக்குக் காப்பீடே இல்லை, நீங்கள் பழைய வரி முறையில் இருக்கிறீர்கள் என்றால், 60 வயதைத் தாண்டியவருக்கான வைத்தியச் செலவாக 80டி பிரிவில் ஆண்டுக்கு 50,000 வரை கழிக்கலாம். ரொக்கமாகக் கொடுத்தது சேராது. கார்டில் கட்டியது சேரும். ரூட் கனாலை மட்டும் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் செய்துகொண்டாலும் கணிசமாக மிஞ்சும். சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் இருக்கின்றன. பல முறை போய்க் காத்திருக்கும் பொறுமை வேண்டும்.

ஒருவேளை இஎம்ஐ ஆக்கியபின் சிகிச்சை ரத்தானால், கிளினிக் கார்டுக்குப் பணத்தைத் திருப்பிப் போட்டதோடு தவணை நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். அந்தப் பணம் கார்டில் வரவாகக் கிடக்கும், இஎம்ஐ அதுபாட்டுக்கு ஓடும். வங்கிக்கு எழுத்துமூலம் இஎம்ஐ ரத்து கேட்டு, புகார் எண் வாங்கி, அடுத்த ஸ்டேட்மென்டில் தவணை நின்றிருக்கிறதா என்று பாருங்கள்.