இணையச் சொற்கள் நம் பேச்சுக்குள் எப்படி வருகின்றன? ஓர் ஆணியின் கதை

இணையத்தில் புழங்கும் சொற்கள் வீட்டுப் பேச்சுக்கும் ஆபீஸ் பேச்சுக்கும் எப்படி வந்து சேர்கின்றன, எவை தங்குகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுவாகச் சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சொல்லை வைத்தே சொல்கிறேன்: ஆணி.

2001-ல் 'ஃப்ரெண்ட்ஸ்' படம் வந்தது. பெயிண்டிங் காண்ட்ராக்டர் நேசமணியாக வடிவேலு. தேவையில்லாத ஆணியைப் பிடுங்கும் அந்த ரகளையை இங்கே விவரிக்க வேண்டியதில்லை, உங்களுக்கே மனப்பாடமாக இருக்கும். படம் ஓடிய காலத்தில் அது சிரித்துவிட்டு நகர்ந்த ஒரு காமெடி, அவ்வளவுதான். அது தனிச் சொல்லாக எழுந்து நின்றது சில ஆண்டுகள் கழித்து, தமிழ் வலைப்பதிவுகளில்.

அப்போது, தமிழ்ப் பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் தளத்தை ஒரு ஓரத்தில் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர். நானும் ஒருத்தன். பின்னூட்டங்களில் தினமும் இப்படி ஒரு வரி கண்ணில் படும்: "இன்னைக்கு ஆணி அதிகம், அப்புறமா வந்து படிக்கிறேன்." ஆபீஸ் வேலைக்கு ஆணி என்றே பெயர் ஆகிவிட்டது. வேலை குறைந்த நாளில் "இன்னைக்கு ஆணி இல்ல" என்று ஒருவர் மொக்கைப் பதிவு போடுவார், அதன் கீழே ஊரே கூடிக் கும்மியடிக்கும்.

அந்தப் படத்தில் எத்தனையோ சிரிப்பு வரிகள் இருக்க, இது மட்டும் ஏன் ஒட்டியது? என் கணக்கு இது. "என்னத்தப் புடுங்குற?" என்று நம் ஊரில் ஒருவரைக் கேட்டால் கைகலப்பில் முடியும். பதிவர்கள் அந்த வினைச்சொல்லை நைசாகக் கழற்றிவிட்டு ஆணியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அலுப்பு, எரிச்சல், செய்கிற வேலை மீதே ஓர் இளக்காரம் எல்லாம் அதற்குள் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் ஆணி. மேனேஜருக்கு முன்னாலேயே சொல்லலாம்.

வலைப்பதிவுகள் காலியாகி எல்லோரும் முகநூலுக்கும் ட்விட்டருக்கும் போன பிறகு, மீம்கள் வழியாக அதே சொல் வேறு வேலைக்குச் சேர்ந்தது. இப்போது அது 'தேவையில்லாத ஆணி'. யாரும் கேட்காத அறிவுரை, படத்தில் ஒட்டாத பாட்டு, செயலியில் ஒருவரும் தொடாத ஒரு பட்டன், எல்லாமே தேவையில்லாத ஆணிதான். 2019 மே மாதக் கடைசியில், அதே படத்தில் நேசமணி தலையில் விழும் சுத்தியலும் வந்து சேர்ந்தது. ஒரு கட்டடப் பொறியியல் முகநூல் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதன் பெயர் என்ன என்று கேட்டார்கள். தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு, நேசமணி தலையை உடைத்தது இதுதான் என்றும் எழுதிவைக்க, அவருக்காகப் பிரார்த்திக்கச் சொல்லும் ஹேஷ்டேக் ட்விட்டரில் உச்சத்துக்குப் போனது. மத்தியில் புது அரசு பதவியேற்ற அதே நாட்களில்! யார் இந்த நேசமணி, இப்போது எப்படி இருக்கிறார் என்று விவரம் தெரியாதவர்கள் நிஜமாகவே விசாரித்தார்கள்.

எங்கள் டீமில் இருக்கும் தம்பி அந்தப் படம் வந்த பிறகு பிறந்தவன். போன மாதம் ஒரு மீட்டிங்கில் "இந்த ரிப்போர்ட் தேவையில்லாத ஆணிண்ணா" என்றான். படம் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். "எந்தப் படம்?" என்றான்.

சரி, எது தங்கும்? தமிழில் ஏற்கெனவே இருக்கிற வினையோடு ஜோடி சேர்வது தங்கும் என்று நினைக்கிறேன். டிபியும் ஸ்டேட்டஸும் 'வைக்கிறோம்', மீமும் லைக்கும் ரீல்ஸும் 'போடுகிறோம்'. பொட்டு வைக்கிறோம், கோலம் போடுகிறோம், அந்த மாதிரி. இருபத்து நாலு மணி நேரத்தில் காணாமல் போகிற ஸ்டேட்டஸையும் ஏதோ சாமி படம் மாட்டுவது போல் 'வைக்கிறோம்' என்பது எனக்குப் பிடித்த வேடிக்கை. யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோரும் ஒரே வினையைப் பிடித்தது எப்படி!

இன்னொரு வகை, பழைய சொல்லுக்குப் புது உத்தியோகம். உருட்டல் என்றால் முன்பு மிரட்டலோடு சேர்ந்து வரும். இப்போது உருட்டு என்றால் கூசாமல் விடுகிற புளுகு. என் அம்மாவே தொலைபேசியில் "சாப்பிட்டேன்னு உருட்டாதடா" என்கிறார். அவர் ட்விட்டர் பக்கம் போனதே இல்லை. மாறாக, செல்ஃபிக்குத் தம்படம், வாட்ஸ்அப்புக்குப் புலனம் என்றெல்லாம் அக்கறையோடு ஆக்கிய சொற்கள் எழுத்திலேயே நின்றுவிட்டன. செல்ஃபி எடுக்கிறவர் யாரும் தம்படம் எடுக்கலாம் வா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

கடைசியாக ஒன்று. சென்ற வருடம் வீட்டில் பழைய அலமாரியைக் கழற்ற ஒரு கார்பென்டர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். சுவரைக் காட்டி, "இந்த ஆணியப் புடுங்கிரவா சார்?" என்றார். நானும் மனைவியும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். அவர் கோபப்படவில்லை. "எல்லா வீட்லயும் இதான் சார். அதான் இப்பல்லாம் 'எடுக்கவா'ன்னு கேக்குறது. இன்னைக்கு வாய் தவறிருச்சு" என்றபடி குறடு ஒன்றைக் கையில் எடுத்தார்.