மொட்டைமாடியில் ஏழு ரீல் கல்யாண ரகளை

கேள்வி: அப்பா அம்மாவின் 40-ஆவது கல்யாண நாளுக்கு மொட்டைமாடியில் புரொஜெக்டர் வைத்து, புருஷன் பெண்டாட்டி கூத்தடிக்கும் பழைய மௌனப் படங்களைப் போடப் போகிறோம். குழந்தைகள் முதல் தாத்தா வரை முப்பது பேர், ஒன்றரை மணி நேரம். போன தடவை போட்டபோது திரையில் எல்லாரும் எறும்புக் கூட்டமாக ஓட, பார்த்தவர்கள் பாதியில் எழுந்துவிட்டார்கள். எதைப் போடலாம்?

பதில்: படத்தின் மேல் தப்பில்லை, ஓட்டிய வேகம்தான் தப்பு. அந்தக் கால கேமராவைக் கையால் சுற்றினார்கள். விநாடிக்கு 16 முதல் 24 ஃபிரேம் (தனித்தனி அசையாப் படம்) வரை ஆளுக்கு ஆள் மாறும். 35 எம்.எம். பிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். ஆயிரம் அடி ரீல், அதாவது ஒரு பிலிம் சுருள், 16 வேகத்தில் 16 நிமிடம் 40 விநாடி ஓடும், 24 வேகத்தில் 11 நிமிடத்திலேயே தீர்ந்துவிடும். ஒரே படம் இணையத்தில் வெவ்வேறு நீளத்தில் கிடைக்க இது ஒரு முக்கியக் காரணம். காட்சிகள் ஒன்றாகவே இருந்தால் நீளமான பிரதியை எடுங்கள். அப்படியும் வேகம் கூடுதலாகத் தெரிந்தால் வி.எல்.சி. என்ற வீடியோ மென்பொருளில் வேகத்தை 0.9, 0.85 என்று இறக்கிப் பாருங்கள். நடை முழுக்க இயல்பாகும்வரை இறக்கிவிடாதீர்கள். சிரிப்புப் படங்களைக் கொஞ்சம் துள்ளலாகத் தெரியட்டும் என்றே எடுத்தார்கள். அதையும் எடுத்துவிட்டால் விழுகிற ஆளைப் பார்த்துப் பரிதாபம்தான் வரும்.

படத்தை 4:3 அளவிலேயே விடுங்கள். திரையை நிரப்ப 'ஜூம்' போட்டால் மேலும் கீழும் வெட்டுப்படும். வழுக்கி விழும் காட்சியில் கால் தெரியாவிட்டால் என்ன மிச்சம்?

முதலில் 'ஃபேட்டி அண்ட் மேபல் அட்ரிஃப்ட்' (1916, மூன்று ரீல்). புதுமணத் தம்பதி குடியிருக்கும் கடற்கரை வீட்டை, பழைய போட்டியாளன் இரவோடு இரவாகக் கடலில் மிதக்க விடுகிறான். அடிதடியின் நடுவே ஒரு காட்சி வரும்: தூங்கும் மனைவி மேபலின் அருகே கணவன் ஃபேட்டியாக வரும் ராஸ்கோ ஆர்பக்கிள் போகவே மாட்டார், அவருடைய நிழல் மட்டும் குனிந்து முத்தமிடும். அந்த நேரத்தில் மாடி விளக்கு ஒன்றுகூட எரியக்கூடாது.

அடுத்தது 'மைட்டி லைக் எ மூஸ்' (1926, இரண்டு ரீல்). துருத்திய பல்லை ரகசியமாகச் சரிசெய்துகொண்ட கணவன் சார்லி சேஸ். பெரிய மூக்கை ரகசியமாகச் சரிசெய்துகொண்ட மனைவி. ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல் இருவரும் 'கள்ளத்தனமாக'ச் சந்திக்கிறார்கள். டைட்டில் கார்டு (காட்சிக்கு நடுவே வரும் ஆங்கில எழுத்து அட்டை) புரியாவிட்டால் இந்தப் படம் நிற்காது. வாயாடியான ஒரு சித்தப்பாவைப் பிடித்து, ஒவ்வொரு கார்டையும் தமிழில் ஒரே வரியாக எழுதிக் கொடுத்து, கார்டு மறைவதற்குள் சொல்லி முடிக்கும்படி ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.

கடைசியில் 'ஒன் வீக்' (1920, இரண்டு ரீல்). புதுமாப்பிள்ளை பஸ்டர் கீட்டனுக்குக் கல்யாணப் பரிசாக, பிரித்த பாகங்களாகப் பெட்டி பெட்டியாக வரும் வீடு; பெட்டி எண்களைப் பொறாமைக்காரன் மாற்றிவிட, வீடு கோணலாக எழும்புகிறது. இதைக் கடைசியில் வைக்கச் சொல்வது தொழில்நுட்பத்துக்காக மட்டுமல்ல. கல்யாணப் படங்கள் பலவற்றில் மனைவி பூரிக்கட்டைக்காரி. இதில் மனைவியாக வரும் சிபில் சீலி கடைசிவரை கணவனோடு சேர்ந்து ஆணி அடிக்கிறாள். கல்யாண நாளுக்கு இதுதான் பொருத்தம்.

மொத்தம் ஏழு ரீல்: 24 வேகத்தில் 78 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வேகத்தைக் குறைத்தாலும் ஒன்றரை மணியை ஒட்டியே நிற்கும்.

'செவன் சான்சஸ்' (1925) போடலாமே என்று யாராவது சொல்வார்கள். நூற்றுக்கணக்கான மணப்பெண்கள் துரத்தும் காட்சி அபாரம்தான். ஆனால் முகத்தில் கரி பூசிக் கறுப்பின மக்களைக் கேலி செய்யும் இடங்கள் உண்டு. குழந்தைகள் இருக்கிறார்கள், வேண்டாம்.

வேகத்தை மாற்றினால் கூடவே வரும் இசை இழுபடும். அதை அணைத்துவிட்டு ஆர்மோனியமோ கீபோர்டோ தெரிந்தவரை உட்காரவையுங்கள். விழுகிற ஒவ்வொரு அடிக்கும் 'டொம்' வேண்டாம். மூன்றாவது தடவையே சலித்துவிடும். 'ஒன் வீக்' முடிவில் வீடு தண்டவாளத்தில் சிக்கும். ரயில் வருகிறது, இருவரும் கண்ணை மூடுகிறார்கள், அது பக்கத்துத் தண்டவாளத்தில் போய்விடுகிறது. அந்தப் பெருமூச்சுக்கு மெல்ல வாசித்துக் கையை எடுத்துவிடச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கமிருந்து இன்னொரு ரயில் வரும். அதற்கு முன்னால் யாரும் வாயைத் திறக்கக்கூடாது, சித்தப்பா உட்பட.