தீ வைத்தது யார், வளர்த்தது யார்?

கேள்வி: காடு எந்தக் காலத்திலும் எரிந்ததுதானே? பெரும்பாலும் மனிதர்கள் வைக்கும் தீ அது. இதற்கும் பருவநிலை மாற்றத்தையே இழுப்பது அதிகப்படி இல்லையா?

பதில்: பாதி சரி. பற்றவைப்பது மனிதனோ மின்னலோதான், வெயில் தீக்குச்சி உரசுவதில்லை. ஆனால் பற்றிய தீ ஏன் அடங்க மறுக்கிறது? காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். மழை இல்லாதபோது அந்த ஈரத்தை மண்ணிடமும் செடிகொடியிடமும் உறிஞ்சிவிடும். அப்புறம் ஒரு பொறி போதும்.

கனடாவின் லிட்டன் கிராமத்தில் 2021 ஜூன் 29 அன்று 49.6 டிகிரி செல்சியஸ் வெப்பம். மறுநாள் ஊரின் பெரும்பகுதி சாம்பல். தீ எப்படிப் பிடித்தது என்பதில் இன்னும் சச்சரவுதான். ஆனால் அப்படியொரு வெப்பம், மனிதரால் பூமி சூடாகாமல் வந்திருக்க வாய்ப்பே இல்லை எனலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

நீங்கள் கேட்காத, ஆனால் உங்கள் பக்கம் வலுவான வாதம் ஒன்று: உலகில் ஆண்டுதோறும் எரியும் மொத்தப் பரப்பு இந்த நூற்றாண்டில் குறைந்திருக்கிறது. உண்மைதான். ஆப்பிரிக்கப் புல்வெளிகள் விளைநிலமானது அதற்கு முக்கியக் காரணம். வடக்கே குளிர்நாட்டுக் காடுகளில் கதை நேர் எதிர். கனடாவில் 2023-இல் மட்டும் சுமார் 1.5 கோடி ஹெக்டேர் எரிந்தது.